உள் மிரர் ஒட்டப் போய் முன்கண்ணாடியை இழந்தேன்

ஈரோட்டில் சித்திரை வெயில் எப்படி என்று தெரியும். முகூர்த்தத்துக்குப் போய், பெருந்துறை ரோட்டு மண்டபத்து வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். திரும்பி வந்தால், உள்ளே இருக்கும் ரியர்வியூ மிரர் கியர் லிவர் பக்கத்தில் கிடக்கிறது. மாமனார் ஓட்டிக் கொடுத்த 2001 மாடல் கார். சில கார்களில் மிரரைக் கூரையில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். இதில் முன்கண்ணாடியில் ஒரு இரும்பு பட்டனை ஒட்டி, அதில் மாட்டியிருக்கும். பட்டனோடு சேர்ந்து கழன்றிருந்தது. மிரரில் ஒரு கீறல்கூட இல்லை.

பைபாஸில் ஒரு கடையில் விட்டேன். "பட்டனும் போச்சு, மிரரும் போச்சுங்ணா. மொத்தமா மாத்தறதுதான் நல்லது" என்றார். 1,850 ரூபாய். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புது மிரர் மாட்டியாகிவிட்டது. பழசைக் கேட்கத் தோன்றவில்லை. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

அன்று ராத்திரி கோபி திரும்பும்போதுதான் முதல் மோசடி தெரிந்தது. பின்னால் வந்த லாரி வெளிச்சம் கண்ணைக் கூச, பழக்கத்தில் மிரருக்குக் கீழே இருக்கும் சின்ன நாக்கைத் தட்டக் கையை நீட்டினேன். நாக்கே இல்லை. பழைய மிரரின் கண்ணாடி ஆப்பு போல ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தது. நாக்கைத் தட்டினால் ரசம் பூசிய பின்பக்கம் கூரையைப் பார்க்கத் திரும்பிவிடும். முன்பக்கக் கண்ணாடி மட்டும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சத்தைக் காட்டும், கண் கூசாது. மாட்டிக் கொடுத்ததோ வெறும் தட்டைக் கண்ணாடி.

அடுத்த ஞாயிறு பண்ணாரி கும்பிட்டுவிட்டு திம்பம் ஏறினோம். 27 கொண்டை ஊசியில் ஒன்பதாவதைத் தாண்டவில்லை, மிரர் என் மடியில் விழுந்தது. ஓரம் கட்டிப் பார்த்தேன். ஒட்டியிருந்தது பத்து ரூபாய் சூப்பர் க்ளூ. அது காய்ந்தால் மொறுமொறுவென்று ஆகிவிடும். வெயிலில் இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவாக விரியாது, ரோட்டு அதிர்வும் சேர்ந்தால் விட்டுவிடும். அதைவிட மோசம், பட்டன் மறைத்திருந்த இடத்தில் அரை அங்குல விரிசல். பழைய பசையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்திருக்கிறான் கடைப் பையன். மலை இறங்கி வருவதற்குள் விரிசல் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டது.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "அது முன்னாடியே இருந்துச்சுங்ணா." பழைய மிரர்? "பழைய இரும்புக்குப் போட்டாச்சு." நல்ல மிரரை யார் இரும்புக்குப் போடுவார்கள்? ஆனால் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? இன்சூரன்ஸும் தேர்ட் பார்ட்டி மட்டும்தான், நம் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முன்கண்ணாடிக்கு 6,500 ரூபாய் தண்டம். வீட்டில் கேட்ட பேச்சுக்கு விலை போட முடியாது.

புதுக் கண்ணாடி பட்டன் இல்லாமல்தான் வந்தது. உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடையில் நாக்கு வைத்த மிரர் 350 ரூபாய்க்குக் கிடைத்தது, பட்டனோடு. இந்த முறை நானே ஒட்டினேன். மிரர் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள், கூடவே ஆக்டிவேட்டர் வரும், பசை இறுக முதலில் பூசும் திரவம் அது. வெளிப்பக்கத்தில் மார்க்கரால் இடத்தைக் குறித்துக்கொண்டு, பட்டனை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பட்டன், கண்ணாடியின் உட்பக்கம் இரண்டையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்புறம் அங்கே விரல் படக் கூடாது. ஆக்டிவேட்டர் காய்ந்ததும் ஒரே ஒரு சொட்டுப் பசை, ஒரு நிமிஷம் அசையாத அழுத்தம். பழைய பசையை எடுக்க வேண்டியிருந்தால் ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டி பிளேடால் சுரண்டுங்கள், நெம்பாதீர்கள். பட்டனில் மாட்டும் ஆலன் ஸ்க்ரூவையும் பலங்கொண்டு முறுக்கக் கூடாது, அதுவே கண்ணாடியை உடைத்துவிடும்.

பசை ஒட்டிய சாயங்காலமே மாமனார் பழைய பழனி முருகன் டாலரோடு வந்து நின்றார், மிரரில் தொங்கவிட. "நாளைக்கு வரைக்கும் மிரரையே மாட்டக் கூடாதுங்க மாமா" என்றேன். டாலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.