பழைய பட்டியலை மாற்றுவதா, புதிதாகவே எழுதுவதா?

டிஎன்ஏ, புரத வரிசைகள் வரும் காப்புரிமை விண்ணப்பத்தோடு அந்த வரிசைகளின் பட்டியலையும் தர வேண்டும். ஆய்வகத்தில் எஸ்டி 25 என்ற பழைய முறையில் தயாரித்த டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று இருக்கும். விண்ணப்பம் போட இரண்டு நாள்தான் பாக்கி. "இதையே புது ஃபார்மேட்டுக்கு மாத்திக் கொடுத்துடுங்களேன் சார்" என்று ஃபோன் வரும். கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு நடையாக நடக்கும் எங்களுக்கு இது பழகிய வேண்டுகோள்.

பழைய ஃபைலை அப்படியே கொடுக்க வழியில்லை. 2022 ஜூலை 1 முதல் போடும் பிசிடி (பன்னாட்டுக் காப்புரிமை) விண்ணப்பங்களுக்கு எஸ்டி 26 என்ற புது முறை கட்டாயம். முன்னுரிமைத் தேதி, அதாவது முதல் விண்ணப்பம் போட்ட நாள், அதற்கு முந்தையது என்றாலும் விதி இதுதான். ஐரோப்பாவில் பழைய விண்ணப்பத்திலிருந்து இன்று பிரித்துப் போடும் டிவிஷனலுக்கும் அப்படியே. ஆக, மாற்றுவதா, புதிதாக எழுதுவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

எஸ்டி 25 கண்ணால் படிக்க வசதியானது. புரதம் என்றால் மெட், அலா, லிஸ் என்று மூன்றெழுத்துச் சுருக்கங்கள், அடியில் ஐந்துக்கு ஒரு எண். எக்ஸ்எம்எல் வடிவிலான எஸ்டி 26-ல் அதே மூன்றும் எம், ஏ, கே என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆர்என்ஏ-வின் யூராசிலைக்கூட 'டி' என்றே எழுத வேண்டும். படிக்கச் சிரமம்தான். ஆனால் மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளங்களின் குறிச்சொற்களையே இது பயன்படுத்துவதால், நம் வரிசை அங்கே போய்ச் சேரும்போது விவரங்கள் உதிர்வதில்லை. பத்து வருட உழைப்பில் கிடைத்த ஒரு ஜீன், தேடுகிறவர் கண்ணில் முழுதாகப் படுகிறது. எனக்கு இது பெரிய விஷயம். விண்ணப்பதாரர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே போட்டு, கூடவே லத்தீன் வடிவத்தையும் கொடுக்க முடிவதும் மகிழ்ச்சி தருகிறது.

சரி, மாற்றும் வழி. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் (விபோ) விபோ சீக்வென்ஸ் என்ற இலவச மென்பொருள் பழைய ஃபைலை இறக்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான வரிசைகள் இருந்தால் வேறு வழியும் இல்லை. சிக்கல் அதற்கப்புறம்தான். பழையதில் வெறுமனே 'டிஎன்ஏ' என்று இருந்த இடத்தில் இப்போது மூலக்கூறு வகையைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். பழைய ஆவணத்தில் ஆதாரம் இல்லாமல் 'ஜீனோமிக் டிஎன்ஏ' என்று தேர்ந்தெடுத்தால், மூல விண்ணப்பத்தில் இல்லாததைச் சேர்த்ததாக ஆகிவிடும். எந்த அமினோ அமிலம் என்று ஒன்றையே சொல்லாத இடத்தில் வரும் 'எக்ஸ்' இன்னும் ஆபத்து. பழைய பட்டியலில் அதன் பொருளைச் சொன்ன குறிப்பு மாற்றத்தில் விட்டுப்போனால், 22 அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்று என்றே அது படிக்கப்படும். அந்த இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் கூடாது என்று உரிமைக்கோரிக்கையில் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில்) எழுதியிருப்போம், பட்டியல் வேறு கதை சொல்லும்.

நீளமும் பார்க்க வேண்டும். குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட நியூக்ளியோடைடு (டிஎன்ஏ, ஆர்என்ஏ-வின் ஒவ்வோர் எழுத்து) பத்துக்குக் கீழே, அமினோ அமிலம் நான்குக்குக் கீழே இருந்தால் எஸ்டி 26-ல் இடமே கிடையாது. ஒன்பது எழுத்துத் துண்டு ஒன்று பழைய பட்டியலில் 7-ஆவதாக இருந்தால், அந்த எண்ணை விட்டுவைத்து, வரிசையின் இடத்தில் 000 போட வேண்டும். இல்லையென்றால் 8 முதல் எல்லா எண்ணும் நகர்ந்து உரிமைக்கோரிக்கை முழுக்கக் குழம்பும். மறுபக்கம், டி-அமினோ அமிலங்களும் (வழக்கமானவற்றின் கண்ணாடிப் பிம்பங்கள்) கிளைவிட்ட வரிசைகளின் நேர்ப்பகுதிகளும் இப்போது கட்டாயம் உள்ளே வரவேண்டும். பழைய ஃபைலில் அவை இல்லாமலே இருக்கலாம். இல்லாததை எந்த மென்பொருளும் மாற்றித் தராது.

அதனால் இருபது முப்பது வரிசைகள்தான் என்றால், புதிய விண்ணப்பத்துக்குப் புதிதாக எழுதுவதையே நான் சொல்வேன். வரிசைகளை வெறும் எழுத்துகளாக வைத்திருக்கும் ஃபாஸ்டா ஃபைலை நேராக ஏற்றிக்கொள்ளலாம், ஒரு பகல் வேலை. டிவிஷனல் என்றால் பழையதை இறக்கிக்கொண்டு, மூல விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். மென்பொருள் பிழையில்லை என்று சொன்னாலும் இலக்கணத்தை மட்டுமே அது பார்த்திருக்கிறது. எந்த உயிரியிலிருந்து வந்தது, எக்ஸ் என்ன, எது செயற்கை என்பதை ஆய்வு செய்தவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதற்காவது அந்த ஃபோன் இரண்டு வாரம் முன்னால் வரட்டும்.