சிலிக்கா பூசிய மேக்னடைட் நானோ துகள்கள்: ஒரு மதிப்பீடு

காரைக்குடியில் என் ஆய்வுக்காக வாங்கிய இத்தூள் (மேக்னடைட் எனும் காந்த இரும்பு ஆக்சைடின் மிகநுண் துகள்கள் மேல், மணலின் மூலப்பொருளான சிலிக்காவைப் பூசியது), காந்தப் பண்பில் குறை வைக்கவில்லை. புட்டிக்கு வெளியே காந்தத்தைப் பிடித்தால் கருந்தூள் முள்முள்ளாகச் சிலிர்த்து எழுகிறது. பூச்சில்லாத, நானோ அளவுக்குப் பொடிக்காத மேக்னடைட்டின் செறிவுக் காந்தமாக்கம் (அது எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கம்) கிராமுக்குச் சுமார் 92 இ.எம்.யு. (காந்தத் திருப்புத்திறனின் அலகு); காந்தமற்ற சிலிக்காவும் எடையில் சேர்வதால் இதில் அது குறைவது இயல்பே.

மின்காப்புப் பண்பில்தான் ஏமாற்றம். சிலிக்காவின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் மின்னாற்றலைத் தேக்கும் திறனின் அளவு) 3.9 அளவே என்பதாலும், துகளுக்குத் துகள் மின்னூட்டம் தாவுவதைப் பூச்சு தடுக்கும் என்பதாலும், தாழ் அதிர்வெண்ணில் மின்னாற்றல் வெப்பமாக வீணாகும் இழப்பு குறையுமென எதிர்பார்த்தேன். வில்லையாக அழுத்தி அளந்தபோது அது கூடியே இருந்தது. 110 பாகை செல்சியஸில் இரவு முழுதும் உலர்த்திய பின்னரே இறங்கியது. செட்டிநாட்டுச் சுவர்களின் முட்டைவெள்ளைப் பூச்சைப் போல இந்தச் சிலிக்காப் பூச்சு வழவழப்பானதன்று. நுண்துளைகளில் ஈரம் தங்கிவிடுகிறது. மூடியும் தளர்வு, விற்பனையாளர் ஓர் உலர்பொதியாவது வைத்திருக்கலாம்.