கடாரத்து வாசகருக்கு மூன்று வரலாற்று நூல்கள்

பழங்காலத்தில் கடாரம் எனப்பட்ட மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மேடையேறி, இராசேந்திர சோழன் இந்நாடு முழுவதையும் கட்டியாண்டான் என்று முழங்குவதும், நாங்கள் கைதட்டுவதும் வழக்கம். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதல் பகுதியைப் படித்த ஆண்டில்தான் எனக்குக் கை எழவில்லை.

கி.பி. 846 முதல் 1070 வரையிலான காலத்தைக் கூறும் அந்நூல், ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ எனத் தொடரும், இராசேந்திரனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியின் பகுதியை முன்வைத்து, அதில் வரும் பண்ணை, இலங்காசோகம், கடாரம் முதலியவை இன்று எவ்விடங்கள் என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறது. கடாரத்து அரசனை யானையோடு அகப்படுத்தியதையும், அவனது பெருநிதியையும் நகர வாயிலின் தோரணத்தையும் கைக்கொண்டதையும் பாடும் அந்த மெய்க்கீர்த்தியில், இங்கே தங்கி ஆட்சி நடத்தியதாக ஒரு சொல்லும் இல்லை. அடிக்குறிப்புகள் மிகுதிதான், ஆனால் சான்று எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாத வரலாற்று நூலுக்கு நான் ஒரு ரிங்கிட்டும் செலவிட மாட்டேன்.

அந்நூலோடு மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பகாட் சண்டிக்கும் (சண்டி என்பது பழங்கோயிலைக் குறிக்கும் மலாய்ச் சொல்) போய் வந்தேன். கூரையில்லாத அக்கற்கோயிலின் மண்டபத்தில், மரத்தூண் நிறுத்துவதற்காகக் குழி குடைந்த கற்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாள் மழைநீர் அவற்றில் தேங்கியிருந்தது.

பள்ளியில் வரலாற்றைக் கண்டு ஓடியவர்கள் கே. கே. பிள்ளையின் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ நூலிலிருந்து தொடங்கலாம். தடித்த நூலாயினும், போர்களோடு நில்லாமல் மக்கள் வாழ்ந்த விதத்தையும் சொல்வதால், விரும்பிய இயலைத் திறந்து படிக்க முடிகிறது. (எங்கள் ஊர்க் கடையில் பஞ்சாங்கமும் பயிற்சி நூல்களுமே கிடைக்கும், இவற்றைச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.)

மூன்றாவது, கெர்னியால் சிங் சந்து 1969இல் வெளியிட்ட ‘இந்தியன்ஸ் இன் மலாயா’ என்னும் ஆங்கில நூல். 1786 முதல் 1957 வரையிலான குடியேற்றத்தைப் பற்றிய அது, அட்டவணைகள் நிறைந்த வறண்ட நூல்; கதை கேட்க விரும்புவோர் சலித்துப்போவார்கள். ஆயினும் கங்காணிகள் ஆள் சேர்த்த முறையை விளக்கும் பகுதிக்காகவே அதை வாங்கலாம். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்த செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பசியாறிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, “அதனாலதான் எங்க சின்னத் தாத்தா கடைசிவரைக்கும் வரல போல” என்றார்.