ஸ்காபரோவில் வாடகைக்குப் பேஸ்மென்ற் (நிலக்கீழ் வீடு) தேடுகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்காரர் ‘டமேஜ் டிப்பொசிற்’ (சேதம் வந்தால் கழிக்க வாங்கும் முற்பணம்) என்று காசு கேட்டால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். ஒன்ராறியோவில் அதை வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கடைசி மாத வாடகையை முன்கூட்டியே வாங்கலாம். திறப்புக்கு (சாவிக்கு) அதன் செலவளவு வாங்கலாம், ஆனால் நாங்கள் வீட்டை விட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் 2024 இல் இரண்டு அறை பேஸ்மென்ற் ஒன்றை 1,800 டொலருக்கு எடுத்தோம். வேலைக் கடிதமும் கிறெடிற் ஹிஸ்ரறியும் இல்லாத குடும்பத்துக்கு யார் வீடு தருவார்? அது வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும். “தம்பி, எங்கட ஊர்ப் பிள்ளையள் எண்டுதான் நம்பித் தாறன்” என்றபடியே முதல் மாதம், கடைசி மாதம், அதற்கு மேல் டமேஜுக்கு 1,500 என்று மொத்தம் 5,100 டொலர் கேட்டார். எல்லாம் கையில் காசாக வேண்டுமாம். மனைவி அந்த 1,500ஐ மட்டும் வங்கி வழியாகத்தான் அனுப்புவேன் என்று நின்று, எதற்கான காசு என்பதையும் குறிப்பில் எழுதி அனுப்பினார். இன்று எங்கள் கையில் இருக்கும் உருப்படியான சாட்சி அது ஒன்றுதான்.

திறப்புத் தருகிற அன்று, திகதி போடாத ‘என்11’ (N11) படிவத்தை நீட்டினார். வாடகைக்கு இருப்பவர் தானாகவே வீட்டை விட்டுப் போகச் சம்மதிக்கிற ஒப்பந்தம் அது. “சும்மா ஒரு ஃபோர்மாலிற்றி” என்றார். கையெழுத்தில்லாமல் திறப்பும் இல்லை. மாணவர்களுக்கென்று உள்ள சில விடுதிகள் தவிர, வீடு தருவதற்கு நிபந்தனையாக வாங்கும் என்11 செல்லாது.

சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேல்வீட்டில் இருந்தது. வேலைக்குப் போகும்போது மேலே இருப்பவர்கள் குறைத்துவிட்டுப் போவார்கள், கீழே பிள்ளை ஜாக்கெற்றோடு படுத்திருக்கும். ரொறன்ரோ நகரசபை விதிப்படி குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையக்கூடாது. நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து முறையிட்டோம். சூடு வந்தது, ஆனால் வீட்டுக்காரரின் கதையும் மாறியது: “மகன் வரப்போறான், எழும்புங்கோ.”

சொந்தப் பிள்ளை குடியிருக்க வாடகைக்காரரை வீட்டை விட்டு எழுப்புவதென்றால் ‘என்12’ (N12) படிவம் தந்து, 60 நாள் அவகாசமும் ஒரு மாத வாடகை இழப்பீடும் கொடுக்கவேண்டும். அவர் எடுத்துக் காட்டியதோ அந்தப் பழைய என்11. சண்டை பிடிக்கத் தெம்பில்லாமல் வெளியேறினோம். 1,500 டொலர்? குசினிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்காம், அதற்குச் சரியாகப் போய்விட்டதாம். எங்கள் சமையலைச் சாப்பிட்டுப் பாராட்டிய மனிதர்!

சரி, இப்போது அந்தக் காசைத் திருப்பிக் கேட்டு ‘டி1’ (T1) படிவத்தில் வீட்டுவாடகைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். காசு வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போடவேண்டும், தள்ளிப்போடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும் சமூகச் சட்ட நிலையங்கள் ஸ்காபரோவிலேயே உண்டு. கொடுக்கிற காசுக்கு ரசீது கேளுங்கள், கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை. 2018 ஏப்ரல் 30 முதல் போடும் வாடகை ஒப்பந்தம் மாகாண அரசின் நிலையான படிவத்தில்தான் இருக்கவேண்டும். வீட்டுக்காரர் தானே அடித்த தாள் போதாது.

இன்னொன்று. குசினியையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு பங்கிட வேண்டிய அறை என்றால் இந்தச் சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. விளம்பரத்தில் ‘தனி வாசல்’ என்று இருந்தாலும், உள்ளே போய்க் குசினி யாருடையது என்று கேட்ட பிறகு காசைப் பற்றிக் கதையுங்கள்.