டொயோட்டா விட்ஸ் 1.0: மட்டக்களப்பு வீதிகளில் அதன் எஞ்சின்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏற்றமே இல்லாத கரையோர வீதியில் நாளாந்தம் ஓடுவதற்குப் பாவித்த கார் ஒன்றைத் தேடுவோருக்கு, 996 சிசி 1கேஆர்-எஃப்இ எஞ்சின் உள்ள டொயோட்டா விட்ஸை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். எஞ்சின் சிறியது என்பதால் மட்டும் அது பெற்றோலை மிச்சப்படுத்துவதில்லை. வால்வு திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் விவிடி-ஐ ஏற்பாட்டுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

காத்தான்குடி நெரிசலில் நிற்கும்போது, காற்றை உள்ளெடுக்கும் வால்வு சற்றுப் பிந்தித் திறக்கிறது. எரிந்த வாயு திரும்பி வராததால் எஞ்சின் அணையாமல் நிற்கிறது. ஆரையம்பதியைக் கடந்து ஒரே வேகத்தில் போகும்போது காரின் கணினி அதே வால்வை முந்தித் திறக்கச் செய்கிறது. அப்போது எரிந்த வாயுவில் ஒரு பங்கு சிலிண்டருக்குள் தங்கிவிடுவதால், அதே வலுவைப் பெற, காற்று உள்ளே போகும் வழியிலுள்ள த்ரொட்டில் என்ற தடுப்பு கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது. அடைபட்ட வழியால் காற்றை இழுப்பதில் பிஸ்டன் வீணாக்கும் சக்தி அதனால் குறைகிறது. எங்கள் சமதரை வீதியில் மிச்சம் பிடிப்பது இங்கேதான்.

1989இல் ஹொண்டா கொண்டுவந்த விடெக் ஏற்பாட்டைப் போல வால்வு திறக்கும் உயரத்தை விவிடி-ஐ மாற்றுவதில்லை. ஆகவே திடீர்ப் பாய்ச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஆட்களை நிறைத்து, ஏசியும் போட்டு, மகியங்கனைக்கு அப்பாலுள்ள 18 வளைவுகளில் ஏறினால் எஞ்சின் திணறுவது நன்றாகவே தெரியும். மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது அதிர்வும் உண்டு.

வால்வு நேரத்தை மாற்றுவதற்காக, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டைச் சற்று முன்பின்னாகத் திருப்புவது எஞ்சின் ஒயிலின் அழுத்தமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனது காருக்குக் கராஜ் ஒன்றில் 5டபிள்யூ-30 ரக ஒயில் ஊற்ற வேண்டிய இடத்தில், கேட்காமலேயே தடித்த 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். ஒயில் மாற்றும் தவணையும் தள்ளிப்போனது. சில காலத்தில் இழுவை குறைந்து, எஞ்சின் விளக்கும் எரிந்தது. வேறொரு மெக்கானிக், கேம் ஷாஃப்டைத் திருப்பும் ஒயிலை அளந்து விடும் ஒயில் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிக் காட்டியபோது, அதன் நுண்ணிய துவாரங்களில் கறுத்த பசை அப்பியிருந்தது. அதைக் கழுவிப் பூட்டி, உரிய ஒயிலை ஊற்றியதும் பழைய ஓட்டம் திரும்பியது.

வாங்கச் செல்பவர்கள் மைலேஜ் கணக்கை நம்பாமல், ஒயில் மூடியைத் திறந்து அதன் அடிப்புறத்தில் பசை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரின் கணினியை ஸ்கேன் செய்யும்போது, வால்வு நேரம் பிசகியதைக் காட்டும் பி0011 என்ற குறியீடு வந்தால், காரணம் தெரியும் வரை முற்பணம் கொடுக்கக் கூடாது.