அந்தோஃபகஸ்தாவும் வல்பரைசோவும்: சிலியின் இரண்டு கரைகள்

இரண்டுமே பசிபிக் கரையோர நிர்வாக மண்டலங்கள்தான். ஆனால் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

வடக்கே அந்தோஃபகஸ்தா சுமார் 1,26,000 சதுர கி.மீ.; பெரும்பகுதி அத்தகாமா பாலைவனம். கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் அதே பெயருள்ள நகரம் குடிக்கிறது. எஸ்கோந்திதா, சுகிகமாதா தாமிரச் சுரங்கங்களே சோறு போடுகின்றன. 1879இல் சிலியுடன் மூண்ட போருக்கு முன் இந்தக் கரை பொலிவியாவுடையது. அந்த நாட்டுக்கு இன்றும் கடல் இல்லை. இவ்வளவு நிலத்துக்கும் 3 மாகாணங்கள்தான்.

வல்பரைசோ அதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் 8 மாகாணங்கள்! கரையிலிருந்து 3,500 கி.மீ.க்கு அப்பால் கிடக்கும் ஈஸ்டர் தீவும் அதில் ஒன்று. நாடாளுமன்றமும் தலைநகர் சாந்தியாகோவில் இல்லை, இங்கேதான்.

சரி, ஆட்சி? இரண்டிலும் 2021 முதல் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பொது ஒழுங்கு, குடியரசுத் தலைவர் நியமிக்கும் பிரதிநிதியின் கையில். கடிவாளம் இன்னும் சாந்தியாகோவிடம்தான் என்பேன்.