மலிவு விலையில் இரும்பு வெட்டும் இயந்திரம்: கட்டோஃபா, பட்டைவாளா?

திருகோணமலையில் கேற், கிறில், தண்ணீர்த் தாங்கிக்கான நிலை போன்ற வேலைகளை எடுத்துச் செய்பவர்கள் கிரைண்டரை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநாள் சமாளிக்க முடியாது. நான்கு அங்குலக் கிரைண்டர் எதையும் வெட்டும். ஆனால் ஒரே நீளத்தில் பல பொக்ஸ் பார் (உள்ளே வெற்றிடமான சதுர இரும்பு) துண்டுகள் தேவைப்படும்போது மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். 2022 இல் ரூபாய் வீழ்ந்த பின்னர் இறக்குமதிக் கருவிகளின் விலை ஏறிவிட்டதால், சிறு பட்டறைக்காரரின் கைக்கெட்டும் தெரிவுகள் பெரும்பாலும் இரண்டுதான்: 14 அங்குலக் கல் டிஸ்க் சுழலும் கட்டோஃப் மெசின், அல்லது பற்களுள்ள எஃகுப் பட்டை வளையமாக ஓடி 4×6 அங்குலம் வரை வெட்டும் சிறிய கிடைப் பட்டைவாள். நான் இரண்டாவதை வாங்கிப் பயன்படுத்துகிறேன். கீழே எழுதுவதும் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

கட்டோஃபின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை. விலை குறைவு, வேகம் அதிகம், வேலைத்தளத்துக்குத் தூக்கிச் செல்லலாம், டிஸ்க் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். குறைகளில் தீப்பொறிதான் முதன்மையானது. வலைகளும் பைபர் படகுகளும் அருகில் இருக்கும் கரையோர வளவுகளில் அது உண்மையான ஆபத்து. வாடிக்கையாளரின் வீட்டு யன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பொறியைப் பிறகு துடைத்து எடுக்கவும் முடியாது. வெட்டு முனை சூடேறி நீலம் பாய்ந்து, தடித்த பிசிறுடன் வருவதால், ஒவ்வொரு துண்டையும் மீண்டும் கிரைண்டரில் பிடித்துத் துப்புரவாக்க வேண்டியிருக்கிறது. டிஸ்கின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிசினால் பிணைக்கப்பட்ட டிஸ்க் ஈரத்தை உறிஞ்சிப் பலமிழக்கும் என்பதால், மாரி காலத்தில் அதைத் தரையில் சாய்த்து வைப்பது நல்லதல்ல.

பட்டைவாள் மெதுவாக வெட்டும். பட்டையைத் தாங்கும் மெசினின் கை தன் பாரத்தினால் தானாக இறங்கி, வெட்டு முடிந்ததும் சுவிட்சைத் தட்டி நின்றுவிடும். அதன் மோட்டார் பெரும்பாலும் அரை முதல் முக்கால் குதிரைவலு வரைதான்; கட்டோஃபோ 2000 வாற்றுக்கு மேல் இழுக்கும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீதிகளில் இந்த வேறுபாடு பெரிது. வெட்டிய முனையைக் கையால் தொடலாம், ஜீ.ஐ. குழாயின் நாகப் பூச்சும் விளிம்புவரை எரியாமல் இருக்கும். ஒட்டும் இடத்தில் வெல்டிங் அந்தப் பூச்சை எரித்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் ஆணி முடுக்கிப் பொருத்தும் முனைகளும் திறந்த முனைகளும் உப்புக்காற்றில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை நிலாவெளிப் பக்கம் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இந்த இயந்திரம் காசுக்குத் தகுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் பிளேட்தான். இவ்வகை வாள்களுக்குரிய பட்டையின் நீளம் பெரும்பாலும் 1638 மி.மீ, அகலம் அரை அங்குலம். நான் விசாரித்த உள்ளூர்க் கடைகளில் அது இருக்கவில்லை. கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. மெசினோடு வரும் சாதாரணக் கார்பன் எஃகுப் பட்டையைப் பழகிக்கொள்ள மட்டும் பயன்படுத்தி, வளையும் எஃகு முதுகில், சூட்டிலும் கூர் மழுங்காத அதிவேக எஃகுப் (எச்.எஸ்.எஸ்.) பற்கள் ஒட்டப்பட்ட இருவுலோகப் பட்டைக்கு மாறுவதே சரி. வெட்டப்படும் தடிப்பில் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. 6 மி.மீ இரும்புக்கு அங்குலத்துக்கு 14 பல் போதும். 1.6 மி.மீ பொக்ஸ் பாருக்கு 24 பல் பட்டைகூட அந்த விதியை நிறைவேற்றாது. மேல் முகம் வெட்டுப்பட்டு வாள் பக்கச் சுவர்களில் இறங்கும் கணத்தில்தான் பல் சிக்கி உடைகிறது. ஆகவே அங்கே மெசின் கையின் பாரத்தைச் சுருள்வில்லால் (ஸ்பிரிங்) குறைத்து மெதுவாக இறக்க வேண்டும். எல் வடிவ இரும்பை வைஸில் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் தாடைகளில்) கூரையைப் போலக் கவிழ்த்துப் பிடித்தால் இரு கால்களும் சீராக வெட்டுப்படும். புதுப் பட்டையின் முதல் சில வெட்டுகளைப் பாதிப் பாரத்தில் செய்தால் பல்லின் கூர் நெடுநாள் நிற்கும்.

கழிவுத் தூளே நிலைமையைச் சொல்லிவிடும். சுருண்ட சிறு இழைகள் வந்தால் எல்லாம் சரி. மாவாக உதிர்ந்தால் பாரம் போதவில்லை. நீலமாக வந்தால் வேகமோ பாரமோ அதிகம். வெட்டு வளைந்து போனால் உடனே மெசினைக் குறை கூறாமல், பட்டையைத் தாங்கும் பெயரிங்குகள் இரும்புக்கு நெருக்கமாக இருக்கின்றனவா, பட்டை தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மலிவு மெசின்கள் பெட்டியைப் பிரித்தவுடன் நேராக வெட்டுவது அரிது. அரைநாள் செலவழித்துத் திருத்த மனமில்லாதவர் இதை வாங்க வேண்டாம். குட்டைத் துண்டைப் பிடிக்கும்போது வைஸின் மறுமுனையில் அதே தடிப்பில் ஒரு கட்டை வைக்காவிட்டால் தாடை சாய்ந்து துண்டு நழுவும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மிகக் குறைந்த வேகத்தையே பயன்படுத்துகிறேன். அதில் என் அனுபவம் மெல்லிய குழாய்களுக்கு அப்பால் போகவில்லை. கார்பைட் பல் பதித்த வட்டவாள், தீப்பொறியற்ற கட்டோஃப் என்று விற்கப்படுவதை, இன்னொரு பட்டறையில் சிறிது நேரம் தொட்டுப் பார்த்ததோடு சரி. வெட்டு மிகத் துப்புரவாக இருந்தது. ஆனால் பல் உடைந்தால் அந்த விலையுயர்ந்த வாள் வீணாகலாம் என்பதால் சிறு பட்டறைக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

வாரத்தில் ஓரிரு வெட்டு மட்டும் உள்ளவருக்கும், ஏணியேறி வீடுகளில் வேலை செய்பவருக்கும் கட்டோஃப் போதும். ஒரே இடத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஒரே அளவில் வெட்டுபவர் பட்டைவாளையே வாங்கலாம். வாங்கும்போதே 14 பல்லிலும் 24 பல்லிலும் இரண்டிரண்டு இருவுலோகப் பட்டைகளைச் சேர்த்து எடுத்துக்கொள்வதோடு, வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, தளத்திலும் வைஸின் திருகிலும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து வைப்பது நல்லது.